மாமி பிழையில்லாமல் தட்டிய பெயர்

தை பிறந்தால் எங்கள் வீட்டுப் போன் ஓயாது. என் கணவரிடம் நெல் அறுக்கும் வெட்டு மெசின் ஒன்று இருக்கிறது. மாங்குளத்தைச் சுற்றியுள்ள வயல்களுக்கும் ஒட்டுசுட்டான் பக்கத்துக்கும் காலபோக நெல்லின் அறுவடைக்கு, எங்கள் பேச்சில் அருவி வெட்டுக்கு, அதைத்தான் பலர் கூப்பிடுவார்கள். அவர் விடியவே மெசினோடு போய்விடுவார். போகிற இடங்களில் பாதிக்கு மேல் காட்டோரம், போன் கவறேஜ் கிடையாது. அதனால் விவசாயிகள் எல்லோரும் வீட்டு நம்பருக்குத்தான் எடுப்பார்கள். அந்தப் போனுக்குப் பதில் சொல்பவர் மாமி, என் கணவரின் அம்மா.

நான் வவுனியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்த முதல் தையில் இதைப் பார்த்துத் திகைத்துப் போனேன். மாமி குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருப்பார். போன் அடிக்கும்.

"எப்ப அக்கா மெசின் எங்கட பக்கம் வரும்?"

"உங்களுக்கு முன்னால இன்னும் மூண்டு பேர் இருக்கினம். வெள்ளிக்கிழமை போலதான் வரும்."

வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவதற்குள் அடுத்தவர் எடுப்பார். யாருக்குப் பின்னால் யார் என்ற வரிசை முழுவதும் மாமியின் தலைக்குள்தான் இருந்தது. வானம் கொஞ்சம் இருண்டால் போதும், விளைந்த நெல் நனைந்துவிடுமே என்று எல்லோரும் ஒரே நேரத்தில் எடுப்பார்கள். மாமி ஒருவரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பொழுது படும்போது மட்டும் கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொள்வார்.

எனக்கும் மாமிக்கும் அப்போது பெரிதாகக் கதை இருக்கவில்லை. மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்துதான் பேசுவார். நான் மாங்குளத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பிக்கிறேன். பின்னேரம் களைத்து வந்தால், "தேத்தண்ணி இருக்கு, குடியும்" என்பார். "ஓம் மாமி" என்பேன். அதோடு எங்கள் கதை முடிந்துவிடும்.

அடுத்த தைக்கு முன்னர் நான் பிள்ளைத்தாச்சியாகி, வகுப்புகளைக் குறைத்துக்கொண்டு பெரும்பாலும் வீட்டில் இருந்தேன். போன் அடிக்கத் தொடங்க முன்னரே இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று நினைத்து, சின்னதாக ஒரு செயலி எழுதினேன். விவசாயி தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து பெயரையும் வயல் இருக்கும் இடத்தையும் பதிவார். மெசின் இன்று எங்கே நிற்கிறது, தனக்கு முன்னால் எத்தனை பேர் என்பது அதிலேயே தெரியும்.

எழுதி முடிக்கவே வெட்டுத் தொடங்கிவிட்டது. செயலி அப்போது என் மடிக்கணினியில் மட்டுந்தான் ஓடியது. ஊராருக்கும் தெரிய வேண்டுமென்றால், எந்நேரமும் இணையத்தில் நிற்கிற ஒரு கணினியில் அதை ஏற்ற வேண்டும். அப்படி இடம் தருகிற கிளவுட் தளம் ஒன்றில் பதிந்து வைத்திருந்தேன். சுட்டியை அமத்தி வேலை செய்வதற்கு அவர்களிடம் அழகான பக்கம் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கவறேஜில் அந்தப் பக்கம் திறந்து முடிவதற்குள் பொறுமை போய்விடும். அவர்களே தருகிற ஒரு கருவியைக் கணினியில் போட்டுக்கொண்டால் படமும் வேண்டாம் சுட்டியும் வேண்டாம். கறுப்பு யன்னல் ஒன்றைத் திறந்து கட்டளைகளை எழுத்தில் தட்டினால் எல்லாம் நடக்கும். வெறும் எழுத்து என்பதால் மெல்லிய கவறேஜிலும் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தக் கருவியை இறக்குவதுதான் முதற் பாடாக இருந்தது. என் போனை முன்னறை யன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, அதிலிருந்து இணையம் எடுத்தேன். பாதியில் நின்றது, திரும்பத் தொடங்கினேன். மாமி தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றார்.

"என்ன பிள்ளை, கனநேரமா அதையே பாத்துக்கொண்டிருக்கிறீர்?"

"மெசின் வரிசையைக் கிளவுட்டில போடப் போறன் மாமி. அதுக்கு ஒரு கருவி இறங்குது."

"கிளவுட் எண்டா முகிலெல்லோ?"

"ஓம். சும்மா ஒரு பேர்தான்."

"அருவி வெட்டுக் காலத்தில ஒருத்தரிட்டயும் முகில் எண்டு சொல்லிப்போடாதையும். பயந்திடுவினம்."

மாமி பகிடி விடுவார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஒருவழியாகக் கருவி இறங்கி முடிந்தது. அதன் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது. எனக்கு அழுகை வராத குறை. பிறகுதான் யோசனை வந்து, கறுப்பு யன்னலை மூடித் திரும்பத் திறந்தேன். இந்த முறை கருவி பேசியது. சந்தோசத்தில் அவசரப்பட்டு உள்நுழையும் கட்டளையைத் தட்ட, எழுத்து மாறி விழுந்தது. அழித்துத் தட்டினால் திரும்பவும் மாறியது.

"நீர் ரெண்டு விரலாலயோ அடிக்கிறீர்?" என்று மாமி கேட்டார். கணினி படிப்பிக்கிறவள் என்ற என் மானம் கொஞ்சம் ஆடிப்போனது.

"நீங்கள் அடிச்சுப் பாருங்கோவன் மாமி."

பகிடிக்குத்தான் சொன்னேன். மாமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார். முதுகை நிமிர்த்தி இருந்து விரல்களை விசைகளின் மேல் வைத்தார். ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். பிறகு, "சொல்லும்" என்றார்.

சொன்னேன். அவர் விசைகளைப் பார்க்கவே இல்லை. என் வாய் மூட முன்னரே சொல் திரையில் நின்றது.

"எப்பிடி மாமி இன்னும் விரலில நிக்குது?"

"நான் யாழ்ப்பாணத்தில ரைப்பிங் பழகினது கலியாணத்துக்கு முன்னம். வீட்டிலயும் ஒரு ரைப்ரைட்டர் இருந்தது. இடம்பெயரேக்க தூக்கிக்கொண்டு போகேலாமல் விட்டிட்டுப் போனனாங்கள்." மாமி விரல்களைத் திரும்பவும் விசைகளில் வைத்தார். "அடுத்தது என்ன?"

அடுத்ததைச் சொன்னேன். தட்டினார். கருவி பிழை என்றது. பார்த்தால், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி.

"புள்ளி வேண்டாம் மாமி."

"வசனம் முடிஞ்சா புள்ளி போடத்தானே வேணும்?"

"இதுக்கு என்டர் அமத்தினாக் காணும்."

"உது நல்ல பழக்கமில்லை" என்று சொல்லிக்கொண்டே புள்ளியை அழித்தார்.

அன்று முழுவதும் நாங்கள் இருவரும் அந்த யன்னலடியில்தான் இருந்தோம். நான் சொல்லச் சொல்ல மாமி அடித்தார். செயலிக்கு ஒரு பெயர் வை என்றது கருவி. அருவி வெட்டு என்பதை ஆங்கில எழுத்தில், நடுவில் சிறு கோடு போட்டுக் கொடுத்தோம். எந்த நாட்டுக் கணினியில் வைப்பது என்று கேட்டது. கிட்ட உள்ளது சிங்கப்பூர் என்றேன்.

"எங்கட வயல்காரரின்ர பேர் எல்லாம் சிங்கப்பூரிலயோ இருக்கப் போகுது?"

"இஞ்ச அந்தக் கிளவுட்காரருக்கு மெசின் இல்லை மாமி."

"எங்களிட்ட ஒண்டு நிக்குதே" என்றார் மாமி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து நான் குலுங்கிச் சிரித்தேன்.

ஏற்றும் கட்டளையை அடித்ததும் வரிகள் ஓடத் தொடங்கின. மாமி ஒவ்வொன்றையும் அலுவலகக் கடிதம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் வாசித்தார். நடுவில் ஒரு வரி சிவப்பாக வந்து நின்றது. ஒரு கோப்பைக் காணவில்லையாம். கோப்பு இருந்தது. பெயரின் முதல் எழுத்தை நான் ஓரிடத்தில் பெரிதாகவும் இன்னோரிடத்தில் சின்னதாகவும் எழுதியிருந்தேன். என் கணினி அதைப் பெரிதுபடுத்தவில்லை, சிங்கப்பூர்க் கணினி விடவில்லை. திருத்தித் திரும்ப ஏற்றினோம். இந்த முறை வரிகள் முடிவு வரைக்கும் ஓடி, கடைசியில் எங்கள் பக்கத்தின் முகவரி வந்து விழுந்தது. மாமி அதை இரண்டு தரம் வாசித்தார்.

மாமியின் தலைக்குள் இருந்த வரிசையை அதில் பதிந்துவிட்டு, பின்னேரம் வைக்கோல் தூசியோடு வந்த கணவரின் கையில் போனைக் கொடுத்தோம். கிணற்றடியில் நின்றபடியே பார்த்தார்.

"நாளைக்கு நான் எங்க போறதெண்டு இதே சொல்லுதே! அப்ப நான் ஆர்?"

"நீ மெசினை ஓட்டு தம்பி. மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றார் மாமி.

நாங்கள் என்ற அந்தச் சொல் அன்று படுக்கப் போகும்வரை என் காதுக்குள் இருந்தது.

மெல்ல மெல்ல ஆட்கள் பக்கத்தில் பதியத் தொடங்கினார்கள். நல்ல போன் இல்லாதவர்கள் மாமிக்குத்தான் எடுத்தார்கள். மாமி அவர்களின் பெயரைத் தானே பதிந்துவிடுவார். பெயரைச் சேர்ப்பதற்கு மட்டுந்தான் பக்கத்தில் வழி வைத்திருந்தேன். ஒரு பெயரை எடுக்க வேண்டுமென்றால் நான்தான் உள்ளே போய் எடுப்பேன். அதற்கும் ஒரு வழி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உடம்பு பாரமாகி, நாள் தள்ளிப்போனது. பின்னேரங்களில் மாமி தானாகவே கறுப்பு யன்னலைத் திறந்து, செயலியின் பதிவுகளைக் காட்டும் கட்டளையை அடிப்பார். பக்கம் ஒவ்வொரு முறை திறக்கப்படும்போதும் ஒரு வரி விழும். "இண்டைக்குக் கனபேர் பாத்திருக்கினம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கு வைக்கப் போவார்.

வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது என்னைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வந்து தங்கி நிற்கச் சொன்னார்கள். துணைக்கு என் அம்மா வவுனியாவிலிருந்து வந்தார். கணவர் வயலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடினார். மாமி வீட்டில் நின்றார். சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. போனில் பிள்ளையின் அழுகையைக் கேட்ட மாமி போனை இன்னும் கிட்டப் பிடிக்கச் சொன்னார். பிறகு, "நல்ல சத்தமா அழுகிறா" என்றார்.

அதற்குப் பிறகு நான் எடுக்கும்போதெல்லாம் பிள்ளையைப் பற்றியே கேட்டார். "பக்கம் எப்பிடி மாமி?" என்றால், "அதெல்லாம் இருக்கு. நீர் யோசியாமல் படும்" என்பார். குரலில் ஏதோ ஒரு அவசரம். பிள்ளையைப் பார்க்காத ஏக்கம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று மாமி வாசலிலேயே பிள்ளையைக் கையில் வாங்கினார். உள்ளே போன் அடித்தது. மாமி பிள்ளையோடு போய் எடுத்து, "ஞாயிற்றுக்கிழமைதான் உங்கட பக்கம் வரும்" என்றார். வைக்க முன்னரே அடுத்தது அடித்தது. போன வருடத்துத் தை திரும்பி வந்ததுபோல இருந்தது. எனக்கு நடக்கவே ஏலாமல் இருந்ததில், ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை, அம்மா குளிக்கப் போன நேரம், மாமி வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"பிள்ளை, உம்மட செயலி இப்ப இல்லை."

"என்ன மாமி, கவறேஜ் இல்லையோ?"

"கவறேஜ் இருக்கு. நான்தான் அழிச்சுப்போட்டன்."

நடந்ததை மாமி சொன்னார். மாங்குளம் றோட்டில் கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் ஒருவருக்கு முல்லைத்தீவு றோட்டுப் பக்கம் வயல் இருந்தது. பக்கம் மெதுவாகத் திறந்ததால் அவர் இரண்டு தரம் அமத்தி, பெயர் இரண்டு தரம் பதிந்துவிட்டது. "தங்கச்சி, ஒண்டை எடுத்து விடுங்கோ, மற்றவையின்ர இடத்தை நான் பிடிக்கப்படாது" என்று மாமிக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில். பிள்ளை பெறப்போகிறவளை இதற்காகக் கரைச்சல் படுத்துவதா என்று நினைத்த மாமி, கறுப்பு யன்னலில் உதவி கேட்கும் கட்டளையை அடித்திருக்கிறார். நான் முன்னர் அப்படிச் செய்வதை அவர் பார்த்திருந்தார். கருவி தனக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் காட்டியது. அதில் டிலீட் என்று ஒன்று இருந்தது. பெயரை எடுப்பதற்கு இதுதான் என்று மாமி அதை அடித்தார்.

"நிச்சயமோ எண்டு கேட்டது. நிச்சயமெண்டால் செயலியின்ர பேரை அப்பிடியே அடிக்கச் சொல்லிச்சுது. அடிச்சன். ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடிச்சனான் பிள்ளை." மாமி தன் விரல்களைப் பார்த்தார். "நான் ஒரு பிழை விட்டிருந்தாலும் அது அழிக்காமல் நிண்டிருக்கும்."

யாராவது தெரியாமல் அழித்துவிடக்கூடாது என்றுதான் அந்தக் கருவி பெயரை முழுவதும் தட்டச் சொல்கிறது. பதறிப்போய் அமத்துகிறவர்கள் அந்த இடத்தில் தடுமாறி நின்றுவிடுவார்கள். மாமி வேலை செய்த காலமெல்லாம் மேசைக்கு வந்ததை அப்படியே பிசகாமல் அடித்துக் கொடுத்தவர். அவரைத் தடுக்க அதனால் முடியவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தையல் போட்ட இடம் இழுத்து வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மாமி, சிரிக்க வைக்காதேங்கோ" என்றேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். கோபத்தை மறைக்கச் சிரிக்கிறேனோ என்று தேடிப் பார்த்ததுபோல இருந்தது. பிறகு அவருக்கும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். குளித்துவிட்டு வந்த என் அம்மா வாசலில் நின்று, "பச்சை உடம்புக்காரியோட என்ன சிரிப்பு?" என்று எங்கள் இருவரையும் ஏசினார்.

"நான் எழுதினதெல்லாம் லப்டொப்பில பத்திரமா இருக்கு மாமி. திரும்ப ஏத்தலாம். பதிஞ்ச பேர் மட்டுந்தான் போயிட்டுது."

"பேர் முழுக்க எனக்குத் தெரியும். இதுவரைக்கும் அதை வைச்சுத்தான் சமாளிச்சனான்."

பிள்ளை நித்திரையான நேரம் மடிக்கணினியைக் கட்டிலடிக்குக் கொண்டுவந்தோம். நான் படுத்தபடியே சொன்னேன், மாமி அடித்தார். பாதிக் கட்டளைகளுக்கு என் சொல் தேவைப்படவே இல்லை. பழைய பெயரையே வைத்தோம். சிவப்பு வரி ஒன்றும் வரவில்லை.

பெயர்களைப் பதியும்போது மட்டும் மாமி தன் தலையில் இருந்ததை நம்ப மறுத்தார். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, "நான்தான் தெரியாமல் அழிச்சுப்போட்டன், உங்களுக்கு முன்னால ஆர் எண்டு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார். அழித்தது தான் என்பதை ஒருவரிடமும் மறைக்கவில்லை. எல்லோரும் மாமி நினைத்து வைத்திருந்த அதே வரிசையைத்தான் சொன்னார்கள். நானா மட்டும் தன்னைக் கடைசியில் போடச் சொன்னார்.

அன்று பின்னேரமே அவர் வீட்டுக்கு வந்தார். கையில் படுத்திருக்கும் குழந்தைக்கு மேல் கவிழ்க்கும் நுளம்பு வலை ஒன்று, கடையிலிருந்து புதிதாகக் கொண்டுவந்தது.

"என்ர பேர் ரெண்டுதரம் கிடந்ததாலதானே தங்கச்சி இவ்வளவு பாடும்?"

"பேர் ரெண்டுதரம் கிடந்தா ஊர் முழுக்க அழிக்கச் சொல்லியே இருக்கு? அது என்ர வேலை. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"கடைசியில போட்டாச்செல்லோ?"

"உங்கட பழைய இடத்திலதான் போட்டிருக்கிறன்."

"என்ர நெல் இன்னும் பச்சை தங்கச்சி, மெசின் இப்ப வந்தாலும் திருப்பித்தான் அனுப்ப வேணும்!"

மாமி எழும்பிப் போனார். பெயரை எடுக்கும் வழியை அன்று காலைதான் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அதை முதன்முதல் பயன்படுத்தியது மாமிதான். நானாவின் பெயரைப் பழைய இடத்திலிருந்து எடுத்து, கடைசியில் சேர்த்தார். சரியாகத்தான் நடந்ததா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வந்து இருந்தார்.

உடம்பு தேறியபின் மாமிக்கென்று அந்தத் தளத்தில் தனிக் கணக்கு ஒன்று திறந்தேன். யாருக்கு என்ன அதிகாரம் என்று கேட்கும் இடம் வந்தது. பார்க்க மட்டும் விடலாம், ஏற்ற விடலாம், அழிக்கவும் விடலாம்.

"எனக்கு அழிக்கிற அதிகாரம் வேண்டாம் பிள்ளை" என்றார் மாமி.

"நான் இல்லாத நேரம் ஏதும் நடந்தா ஆர் பாக்கிறது?" முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். கடவுச்சொல்லைத் தட்டும்போது மட்டும் என்னை அங்கால் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும் பெயர்களைப் படி எடுத்து வைக்கும் கட்டளையை அன்றே கேட்டுப் பழகிக்கொண்டார். வெட்டு முடியும்வரை ஒருநாளும் அதை விட்டதில்லை.

அந்த வெட்டு மழையில் நனையாமல் முடிந்தது. பங்குனி பிறந்தபின் ஒட்டுசுட்டானிலிருந்து பெண்கள் சங்கத்தார் சிலர் வந்தார்கள். காட்டோரத்தில் வீடு உள்ளவர்கள். யானை வந்தால் ஆளுக்கு ஆள் போன் எடுத்துச் சொல்வதற்குள் அது வாழைகளை முறித்துவிட்டுப் போய்விடுகிறது, யானையைக் கண்ட இடத்தைப் பதிந்தால் எல்லோர் போனிலும் தெரிகிறமாதிரி ஒரு பக்கம் செய்து தரமுடியுமா என்று கேட்டார்கள். நான் யோசிக்க முன்னரே மாமி, "செய்யலாம்" என்றார்.

பிள்ளையையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்குப் போனோம். சங்கக் கட்டடத்தில் பாய் விரித்து எல்லோரும் சுற்றி இருந்தார்கள். பிள்ளை என் மடியில். மாமி ஏற்றும் கட்டளையை அடித்து, முகவரியை வாசித்துச் சொன்னார். எல்லோரும் தங்கள் போனில் திறந்தார்கள்.

"சும்மா ஒருக்கா அமத்திப் பாக்கட்டோ அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாருங்கோ" என்றார் மாமி.

ஒருத்திக்குச் சொன்னதை எல்லோரும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். வரைபடத்தில் குளக்கட்டில் ஒரு யானை வந்தது. கோயிலடியில் ஒன்று, பள்ளிக்கூடத்தடியில் இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. அங்கே இருந்த ஒவ்வொரு போனும் எச்சரிக்கைச் சத்தம் போட்டது. வீட்டில் நின்ற ஒருவர் பயந்துபோய்த் தன் மனைவிக்குப் போன் எடுத்தார். "ஒண்டுமில்லையப்பா, எல்லாம் நாங்கள்தான்" என்று அவள் சொல்ல, அங்கே சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

சத்தத்தில் பிள்ளை எழும்பி அழுதாள். மாமி மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிட்டு, "யானையளை நீர் எடும், நான் இவவைப் பாக்கிறன்" என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் ஒவ்வொரு யானையாக எடுத்தேன். முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் மரநிழலில் நின்று, மாங்குளம் பஸ் வருகிறதா என்று பிள்ளையோடு சேர்ந்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.